மண்டபம் கரையில் கடல் ஆய்வு: யாரையும் ஒதுக்காத பணியிடம் அமைப்பது எப்படி

மண்டபம் முகாமில் 1940களின் இறுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கரையில் கடல் ஆய்வு நடக்கிறது. வெளிமாநில மாணவர், பாம்பன் படகோட்டி, கடலில் பாசி எடுக்கும் பெண்கள், தொட்டி கழுவும் உதவியாளர் எல்லோரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இவர்களில் யார் ஒதுக்கப்படுகிறார் என்பது படகில்தான் முதலில் தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

உயிர்காப்பு மேலாடைகளை ஒரே அளவில் வாங்காதீர்கள். அணிந்து பட்டையை இறுக்கிய பின், தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் விழுந்தால் முகத்தை மறைத்துவிடும். ஒல்லியான பெண்களுக்குத்தான் இது அடிக்கடி நேர்கிறது.

அடுத்தது கழிப்பறை. நான்கைந்து மணி நேரப் பயணத்துக்கு வழியில்லை என்றால், பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெயிலில் தலைசுற்றும், பின்னால் சிறுநீர்த் தொற்று வரும். பிறகு ஏதோ காரணம் சொல்லிப் பயணத்தையே தவிர்ப்பார்கள். ‘களப்பணியில் ஆர்வமில்லை’ என்று அவர்கள் பெயரில் எழுதப்படும். இது பெரிய அநியாயம். மடக்கு இருக்கை, மூடியுள்ள வாளி, நாலு பக்கமும் மறைக்கத் தார்ப்பாய் இருந்தால் போதும். உடை மாற்றவும் அதே மறைப்பு உதவும். தீவில் இறங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது.

பயணப் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். வெள்ளி மதியத் தொழுகை நேரத்திலும் ஞாயிறு காலைப் பூசை நேரத்திலும் கூட்டம் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் முக்குளிக்கும் வேலையைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

படகோட்டி தமிழில் எச்சரிக்க, வங்காள மாணவருக்குப் புரியாமல் போவது உயிருக்கே ஆபத்து. ‘குனி’, ‘பிடி’, ‘குதிக்காதே’ போன்ற பத்துச் சொற்களைப் புறப்படும் முன் எல்லோரும் சொல்லிப் பழகட்டும்.

கரையில் கவனிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. தொட்டி கழுவுவதும் கழிவு மீனைக் கொட்டுவதும் ஒரே சாதியாரின் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், முனைவர் பட்ட மாணவர்களையும் சேர்த்துச் சுழற்சிமுறை போடுங்கள். சாதியோ மதமோ கேட்டு வீடு தர மறுப்பது நடக்கிறது. நிலையத்தின் பெயரிலேயே வீடெடுத்து ஊழியருக்குக் கொடுப்பதுதான் பலன் தரும். ஆய்வகச் சாய்தளத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் விடுங்கள். அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏறுவது கடினம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். வேலைக்காகப் போகும் இடமும் நிலையம் ஏற்பாடு செய்யும் வண்டியும் சட்டத்தின் கண்ணில் பணியிடம்தான். எனவே வாடகைப் படகில் நடந்ததையும் ‘வெளியே நடந்தது’ என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

அதிகம் தவறுவது ஊராரின் அறிவை மதிப்பதில்தான். பாசி எடுக்கும் பெண்களை நேர்காணலுக்கு அழைக்கிறீர்கள். கடல்நீர் வற்றும் நேரம்தான் அவர்களின் வருமான நேரம். அந்நேரத்தில் அழைத்தால் அன்றைய கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். தேநீரும் வடையும் ஈடாகாது. பாசிகளுக்கு மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் பெயரை அறிவியல் பெயருக்குப் பக்கத்திலேயே பதியுங்கள். இடமும் பருவமும் காட்டித் தந்தவரின் பெயர் கட்டுரையில் எங்கே வரும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே அவரிடம் பேசி எழுதிவையுங்கள். முடிந்தபின் பேசினால் இடம் இருக்காது.

கட்டுரையை அனுப்பும் முன் முடிவுகளை ஊரில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தை வரைபடத்தில் காட்டக் கூடாது என்று அவர்களே சொல்வார்கள். கடலடியில் ஊரும், வெள்ளரிக்காய் போன்ற கடல் அட்டை 2001 முதல் பிடிக்கத் தடை செய்யப்பட்ட உயிர். அது மிகுந்த இடத்தைத் துல்லியமாக அச்சிட்டால் திருட்டுக்கு வழிகாட்டும், சந்தேகமோ அங்கே தொழில் செய்யும் உள்ளூர்க்காரர் மேல் விழும். அத்தகைய இடங்களை ஊரளவில் மட்டும் குறிப்பிடுங்கள்.