கடித்த மீன் கரைக்கு வராமல் போவது ஏன்?

மீன் அறுத்துக்கொண்டு போனதும் பலரும் செய்வது, புதுத் தூண்டில் முள்ளைக் கட்டி அதே இடத்தில் மறுபடி வீசுவது. அதற்கு முன் அறுந்து வந்த நரம்பின் (தூண்டில் நூலின்) நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. கத்தரித்த மாதிரி நறுக்கென்று இருந்தால் பல் வேலை: சீலா, வஞ்சிரம், இல்லாவிட்டால் பேத்தா. கடைசி அரை அடி சொரசொரப்பாகி நுனி பிசிறடித்திருந்தால், பாறையிலோ கொடுவாவின் செவுள் மூடியிலோ உரசியிருக்கிறது. உரசலே இல்லாமல் நடுவில் அறுந்திருந்தால் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) இறுக்கம், அல்லது வெயிலில் கிடந்து செத்துப்போன பழைய தங்கூசி நரம்பு. எது என்று தெரியாமல் விலை கூடிய ராடு வாங்கி ஒரு பயனும் இல்லை.

முதலில் முடிச்சு. மோனோ (ஒற்றை இழை) நரம்பைக் காய்ந்தபடியே சர்ரென்று இழுத்து இறுக்கினால், உரசும் சூட்டில் அந்த இடமே வலுவிழந்துவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக, சுற்றுகள் ஒன்றன்பக்கம் ஒன்றாக உட்காரும்படி இறுக்க வேண்டும். மோனோவுக்கு 5 அல்லது 6 சுற்று கிளிஞ்ச் முடிச்சு (கண்ணில் விட்ட நுனியை நரம்பின் மேலேயே சுற்றிப் போடுவது) போதும். அதே முடிச்சைப் பிரெய்டில் (பல இழை பின்னிய நரம்பில்) போட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், பிரெய்டு அவ்வளவு வழவழப்பு. அதற்குப் பலோமர் முடிச்சு: நரம்பை 15 செ.மீ. அளவுக்கு இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சு போடுங்கள். மிச்சமிருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுசாக விட்டு எடுத்து, நனைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து இழுங்கள். வால் 3 மி.மீ. இருக்கட்டும். அழகுக்காக ஒட்ட நறுக்குவதும் நழுவக் காரணம்.

பிரெய்டில் இன்னொரு வம்பு உண்டு. வெறும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) நேராகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் சுழலும். டிராக் பிடிக்கவில்லை என்று ரீலைப் பிரித்துப் போடுபவர்கள் பலர், ரீலில் கோளாறே இருக்காது. அடியில் 5 மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு ஏற்றுங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும், குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது. வீசி முடித்ததும் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்கு வழிகாட்டும் வளைகம்பியை) கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடுகிற பழக்கத்தில், தளர்ந்த நரம்பு அப்படியே உள்ளே போய் அடுத்த வீச்சில் சிக்காக வெளிவரும்.

டிராக்தான் அதிகம் பேர் கோட்டை விடும் இடம். கையால் இழுத்துப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்பது கணக்கு ஆகாது. நரம்பின் வலுவில் கால்வாசி வைப்பது பாதுகாப்பு. 20 பவுண்டு என்றால் ஏறக்குறைய 9 கிலோ, கால்வாசி இரண்டேகால் கிலோ. தராசு இல்லையா? 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பு நுனியில் கட்டி, ராடை வளைத்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் நரம்பு மெல்ல வழுக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பெரிய பாறை மீன் ஓடி நரம்பு குறையக் குறைய, ஸ்பூலில் சுற்று சிறுத்து, அதே டிராக் அதிகமாக இறுக்கும். சுற்றின் விட்டம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பு. மீன் தூரம் ஓடும்போது பதறி டிராக்கை இறுக்குவது நேர் எதிரான வேலை. டிராக் வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றவும் கூடாது. மீன் ஒரு அங்குலம்கூட வராது, நரம்புதான் முறுக்கேறும்.

கொடுவாவுக்குப் பிரெய்டின் முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு மோனோ லீடர் (பிரெய்டுக்கும் முள்ளுக்கும் இடையில் கட்டும் துண்டு நரம்பு) கட்டாயம். சீலா நடமாடும் இடத்தில் 15 செ.மீ. ஸ்டீல் கம்பி. அதையே எல்லா மீனுக்கும் போட்டு வைக்காதீர்கள், தெளிந்த தண்ணீரில் கடி குறையும். பேத்தா ஒவ்வொரு தூண்டில் முள்ளாக அறுத்துக்கொண்டே போனால் இடத்தை மாற்றுவதுதான் மருந்து. அதைச் சாப்பிட நினைக்கவும் வேண்டாம், அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

முள் எண்ணில் குழம்புபவர்களும் நிறைய. 4, 6, 8 என்று எண் ஏற ஏற முள் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 என்று ஏறினால் பெரிதாகும். கிழங்கானுக்கு 8, உயிர் இறால் போட்டுக் கொடுவாவுக்கு 3/0 என்று தொடங்கலாம். இறாலைத் தலைக் கொம்பின் அடியில் கோர்க்கும்போது உள்ளே தெரியும் கரும்புள்ளியைக் குத்திவிட்டால் உடனே செத்துவிடும். சர்க்கிள் முள்ளாக (நுனி உள்நோக்கி வளைந்தது) இருந்தால் ராடைச் சட்டென்று வெட்டி இழுக்காதீர்கள். நரம்பு இறுகியதும் சீராகச் சுற்றினாலே வாயோரத்தில் மாட்டும்.

ஏரியில் விராலுக்குத் தவளை லூர் (தவளை வடிவப் பொய் இரை) போடுபவர்கள் தண்ணீர் வெடித்த சத்தத்திலேயே இழுத்துவிடுகிறார்கள், தவளை மட்டும் பறந்து வருகிறது. ராடைத் தாழ்த்தி, நரம்பு நகர்வது தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளிக்கிற இடத்தில் காவல் இருக்கும் தாய் தகப்பனைப் பிடிக்காதீர்கள். அவை போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்குத்தான் தீனி.

கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மேலே கம்பி போகும் கரையில் ஓங்கி வீசுவதும், இடி மின்னலில் நின்றுகொண்டிருப்பதும் வேண்டாம். கெளுத்தியையும் ஓராவையும் வெறுங்கையால் பற்றாமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். மீனின் முள் குத்திவிட்டால், மற்ற கையால் தொட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்தால் வலி தணியும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் குழாயின் வேகத்தில் பிடித்துக் கழுவினால் உப்பு உள்ளே போகும். டிராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றித் துடைத்து, நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைத்தால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்காது. அடுத்த முறை கிளம்பும்போது மறுபடி அந்தத் தண்ணீர் பாட்டில்.