காணாமல் போனவருக்காக டிஎன்ஏ கொடுக்கப் போகிறீர்களா?

காணாமல் போன என் தம்பிக்காக டிஎன்ஏ மாதிரி கொடுக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. "கொடுத்தால், தம்பி செத்துவிட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகாதா?" அவள் திரும்பத் திரும்பக் கேட்டது இது ஒன்றைத்தான். ஆகாது. பெயர் தெரியாத உடல்களோடு மட்டுமல்ல, நினைவு தப்பி, தான் யாரென்று சொல்லத் தெரியாமல் எங்கோ ஒரு காப்பகத்தில் இருக்கும் மனிதரோடும் அந்த மாதிரியை ஒப்பிடலாம். இதைப் புரியவைத்த பிறகுதான் அம்மா கிளம்பினாள். அதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

அப்பாவின் மாதிரி இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆய்வகம் நம் டிஎன்ஏ முழுவதையும் படிப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் ஒரு சிறு துண்டு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுகிறது. அமெரிக்கத் தேசியத் தரவுத்தளத்தில் முன்பு 13 இடங்கள் பார்த்தார்கள். 2017 முதல் 20. ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு. அம்மாவுக்கு 14, 17. அப்பாவுக்கு 15, 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அவளிடமிருந்து ஒன்று, அவரிடமிருந்து ஒன்று வரும். தம்பிக்கு 17, 22 வந்திருக்கலாம். எனக்கு 14, 15 வந்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்றுகூடப் பொருந்தவில்லை, ஆனாலும் நாங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பெற்றோரின் நான்கு எண்களும் இப்படி வேறுவேறாக இருக்கும் இடங்களில், உடன்பிறந்தவர்களிடையே சராசரியாக நான்கில் ஒன்றில் இப்படி ஆகும். அதனால்தான் ஒரே ஓர் அக்காவின் மாதிரி பலவீனமானது. பெற்றோர் இருவரும் இருந்தால் முதலில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஒருவர்தான் இருக்கிறார் என்றால், கூடவே உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும் போங்கள்.

காணாமல் போனவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கொடுக்க வேண்டும். அப்போது அவருடைய மனைவியின் மாதிரியையும் கேட்பார்கள். "எனக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தமே இல்லையே" என்று தம்பி மனைவி தயங்கினாள். பிள்ளையின் எண்களில் தாய் வழியே வந்ததைக் கழித்தால் மீதி தகப்பனுடையது. அந்தக் கழித்தலுக்குத்தான் அவள் வேண்டும்.

அடுத்து சொந்தபந்தம். இங்கே நம் உறவுச் சொற்களே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு, அது தாயிடமிருந்துதான் வரும். ஆகவே அம்மாவுடன் பிறந்த பெரியம்மா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள், தாய்மாமா எல்லோரும் பயன்படுவார்கள். தாய்மாமாவின் பிள்ளைகள் இதற்குப் பயன்பட மாட்டார்கள். காணாமல் போனவர் ஆண் என்றால், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமுக்கு அப்பாவுடன் பிறந்த பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் மகன்கள். அப்பாவுடன் பிறந்த அத்தைக்கு இந்த இரண்டு வழியும் இல்லை, ஆனாலும் மற்ற எண்களுக்கு உதவுவார். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் பல்லிலும்கூட மிஞ்சும். ஆனால் அதே வகை வேறு குடும்பங்களிலும் இருக்கக்கூடும். "இவர் இல்லை" என்று விலக்க அது நல்ல சாட்சி. "இவரேதான்" என்று சொல்ல அது மட்டும் போதாது.

பெற்றோர் தலைமுறையே இல்லாத குடும்பங்களும் சோர்ந்துவிட வேண்டாம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின்போது பறிக்கப்பட்ட குழந்தைகளைத் தேடிய பாட்டிமார்களுக்காக, மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளர் பாட்டி, தாத்தாவை வைத்தே பேரப்பிள்ளையை உறுதிசெய்யும் வேலையில் இறங்கினார். அங்கே அதற்கென்று 1987-ல் ஒரு தேசிய மரபணுத் தரவு வங்கியே அமைந்தது.

மாதிரி எடுப்பது ஐந்து நிமிட வேலை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது. பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். நுனியில் பஞ்சு வைத்த குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்து எடுப்பார்கள். அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் எடுத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வலியெல்லாம் இல்லை. அதன் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். குச்சி காற்றில் உலர வேண்டும், காகித உறைக்குள் போக வேண்டும். எங்களிடம் முதல் முறை எடுத்தவர் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிட்டார். ஈரம் அடைபட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டிஎன்ஏ சிதைந்துவிடும். நான்கு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். உறையின் மேல் எழுதிய பெயரையும் எண்ணையும் அங்கேயே ஒரு முறை வாசித்துப் பாருங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர் உடலில் கொடுத்தவரின் டிஎன்ஏவும் கலந்திருக்கும்.

காணாமல் போனவரின் பொருள் கிடைத்தால் அதைவிட நேரடியான சான்று வேறில்லை. பல் துலக்கும் பிரஷ், சவரக்கத்தி, வேரோடு முடி சிக்கிய சீப்பு, பத்திரப்படுத்திய பால்பல் எல்லாம் ஆகும். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். எங்கள் வீட்டில் நீல நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு பிரஷ்கள் இருந்தன. எது தம்பியுடையது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. இரண்டையும் கொடுத்தோம். எப்படியும் அம்மாவின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு பொருளை நம்புவார்கள். சவரக்கத்தியை அம்மா தினமும் துடைத்து வைத்திருந்தாள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

மருத்துவமனையிலும் கேளுங்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்துச் சேமிப்பது வழக்கம். அப்பாவுடையது அப்படி ஒன்று கிடைத்தது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறியதால் டிஎன்ஏ சிதைந்திருந்தது, பாதி இடங்கள்தான் தேறின. பாதியாவது தேறியதே.

படிவத்தில் உறவுமுறை கேட்பார்கள். தத்துப் பிள்ளை, முதல் தாரத்துப் பிள்ளை, சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம், எதையும் மறைக்காதீர்கள். தவறான உறவுமுறையை வைத்துக் கணக்குப் போட்டால், கண்ணெதிரே இருப்பவரைக்கூட "இல்லை" என்று ஒதுக்க நேரும். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாததென்றால் பணியாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: இந்த மாதிரி காணாமல் போனவரைத் தேட மட்டுமா, குற்ற வழக்குகளோடும் ஒப்பிடுவார்களா?

வேறு நாட்டில் தொலைந்திருக்க வாய்ப்பு இருந்தால், இன்டர்போல் 2021-ல் தொடங்கிய ஐ-ஃபமிலியா பற்றி விசாரியுங்கள். குடும்ப டிஎன்ஏவை நாடுகளுக்கிடையே, பெயர் இல்லாமல் ஒப்பிடும் ஏற்பாடு அது. நாமே நேரடியாக அனுப்ப முடியாது, உங்கள் நாட்டுக் காவல்துறை வழியாகத்தான் போகும்.

கோப்பு எண்ணை எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். தொலைபேசி எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, மாதிரி தரவுத்தளத்தில் ஏறிவிட்டதா, அலமாரியில் கிடக்கிறதா என்று கேட்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது இரண்டாவது அழைப்பில்தான் எனக்குப் புரிந்தது.

காணாமல் போனவர் தானாகவே திரும்பிவிட்டால் நம் மாதிரியை நீக்கக் கேட்கலாமா என்றும் விசாரித்தேன். கேட்கலாம், அதற்கொரு படிவம் இருக்கிறது என்றார்கள். அன்றே ஒன்று வாங்கி வந்துவிட்டேன். அம்மா அதை நிரப்பாமல் மடித்து, தம்பியின் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாள்.