பழைய ஸ்டீரியோ செட்டில் கம்ப்யூட்டரை இணைப்பது எப்படி

கல்ஃபிலிருந்து வந்த ஸ்டீரியோ செட்டுகள் குமரி மாவட்டத்து வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. கேசட் பெல்ட் இற்றிருக்கும், சிடி லென்ஸ் மங்கியிருக்கும், ஆனால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க அந்த இரண்டும் போதும். அவற்றை ஆக்கர்கடையில் எடைக்குப் போட வேண்டாம்.

நாளாக அடைந்து கிடந்த செட்டென்றால் முதலில் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சவுதியில் ஓடிய பழைய செட்டுகள் சில 127 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கும். அப்படியே நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். 220 அல்லது 240-க்குத் திருப்பிவிட்டு, ஸ்பீக்கரைத் தவிர வேறு வயர் எதையும் இணைக்காமல் செட்டை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதே ஸ்பீக்கர் முனகினால் உள்ளே ஃபில்டர் கண்டென்சர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் கம்ப்யூட்டர்.

வாங்க வேண்டியது ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறு முனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் உள்ள வயர். 2 மீட்டர் தாராளம், 5 மீட்டர் வரை போகலாம். சிவப்பு வலது, வெள்ளை இடது. செட்டின் பின்னால் ஆக்ஸ், லைன் இன், சிடி, டேப் பிளே என்று எது எழுதியிருந்தாலும் அதில் செருகலாம். ஃபோனோ என்ற இடத்தில் மட்டும் கூடாது. அது ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலுக்கானது, ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கி, பேஸையும் கூட்டிவிடும். கம்ப்யூட்டர் சிக்னல் அங்கே போனால் வெடித்த சத்தம்தான் வரும். டேப் ரெக் என்பது வெளியே போகும் வழி, அதில் செருகினால் ஒன்றும் கேட்காது.

டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை, லேப்டாப்பில் ஹெட்ஃபோன் ஓட்டை. அந்த ஓட்டை இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பியில் செருகும் சிறிய சவுண்டு கார்டு போதும். செட்டின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துச் செருகுங்கள். விண்டோஸில் அவுட்புட் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, அங்கே வால்யூமை 80-க்கு ஏற்றிவிட்டு, மீதியைச் செட்டிலேயே கூட்டுங்கள். கம்ப்யூட்டரில் 20 வைத்துச் செட்டில் முழுதாகத் திருகினால் பாட்டோடு சேர்ந்து உஸ்ஸென்ற இரைச்சலும் பெருகும்.

இனி, பலரையும் வெறுக்க வைக்கும் அந்த 'ம்ம்ம்' முனகல். லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் கோளாறு எர்த்தில்தான். அது இரண்டு விதமாக வரும். சார்ஜர் வழியாக ஓர் எர்த்தும், செட்டின் மூன்று பின் பிளக் அல்லது அதோடு சேர்த்த கேபிள் டிவி வயர் வழியாக இன்னோர் எர்த்தும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் சுற்றி 50 ஹெர்ட்ஸ் முனகல் பிறக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள், டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். இன்னொன்று, சுவர் சாக்கெட்டில் எர்த்தே இல்லாதது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் சுருசுருவென்றால் இதுவாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடலோர மணல் கோடையில் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது, குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். முனகலை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை ஒடிப்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

இதிலும் நிற்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியை வயருக்கு நடுவே போடலாம். மலிவானதில் பேஸ் குறையும். செட்டில் ஆப்டிகல் இன்புட்டும் கம்ப்யூட்டரில் ஆப்டிகல் அவுட்புட்டும் இருந்தால் அதுவே சிறந்தது. ஒளி வழியாகப் போவதால் எர்த் தொடர்பே இருக்காது.

குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் வேறொரு தொல்லை. உப்புக்காற்றில் ஆர்சிஏ ஓட்டைகளில் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும், கரகரக்கும். பிளக்கை உருவிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். காய்ந்ததும் ஆர்சிஏ பின்னைச் செருகி நாலைந்து முறை திருகுங்கள். தேங்காய் எண்ணெயும் மிஷின் எண்ணெயும் தூசியைப் பிடித்து வைக்கும், தொடாதீர்கள். தங்கப்பூச்சு பின்னுக்கு இங்கே கூடுதல் காசு கொடுக்கலாம், தங்கம் களிம்பேறாது.

ஆக்ஸே இல்லாத செட்டுக்குக் கேசட் அடாப்டர் உண்டு, ஆனால் டெக் சுழன்றால்தான் அது வேலை செய்யும். புளூடூத் ரிசீவர் பாட்டுக்குச் சரி, படம் பார்க்கையில் வாயசைவுக்குப் பின்னால் சத்தம் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் பிளக்கை மட்டும் உருவினால் போதாது. இன்டர்நெட் வயர் வழியாக வரும் மின்னல் கம்ப்யூட்டரைத் தாண்டி ஆர்சிஏ வயரில் ஏறிச் செட்டையும் தாக்கும். அந்த இரண்டு வயர்களையும் கழற்றி வையுங்கள்.