முதலில் பூட்டைப் பாருங்கள்

தீ ஒத்திகை என்றதும் பலரும் தாளை எடுத்து அம்புக்குறி போட உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது பூட்டு, தாழ்ப்பாள், கொக்கி. அலுவலகத்தில் எங்கள் தளத்தின் தீ பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. வீட்டில் அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழி வேண்டும். ஒன்று கதவு, மற்றது பெரும்பாலும் ஜன்னல். ஜன்னலில் கம்பி போட்டிருந்தால், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி ஒரு பகுதியாவது இருக்கட்டும். இருந்தால் போதாது, திறந்தும் பாருங்கள். பெயின்ட் ஒட்டிய கொக்கி அசையவே அசையாது. இரவில் வாசல் கதவைச் சாவி போட்டுப் பூட்டுகிறவர்கள், உள்ளே கையால் திறக்கிற பூட்டுக்கு மாறிவிடுங்கள்.

தூக்கத்தில் புகை வாசனை நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. அதனால் படுக்கையறைகளிலும் அவற்றுக்கு வெளியேயும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் மாட்டி, மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். படுக்கும்போது அறைக் கதவைச் சாத்துங்கள்; சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் கொஞ்ச நேரம் தடுக்கும். என் சின்ன மகன் அலாரம் அடித்தால் புரண்டு படுப்பான். அவனை எழுப்புவது மனைவியின் பொறுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரைப் பிடித்து இறக்குவது நான்.

ஆண்டுக்கு இரண்டு முறை பழகுங்கள், அதில் ஒன்று இரவில், விளக்கை அணைத்துவிட்டு. புகை மேலே தேங்கும் என்பதால் தவழ்ந்து போக வேண்டும். பெரியவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தவழட்டும். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னொரு வழி. அதுவும் இல்லையென்றால் கதவிடுக்கில் துணியை அடைத்து, தீயணைப்புத் துறைக்கு போன் செய்து, ஜன்னலில் நின்று கையசைக்க வேண்டும். வெளியே வந்தவர்கள் முன்பே பேசிவைத்த இடத்தில் கூடி, அங்கிருந்து போன் செய்ய வேண்டும். எதற்காகவும் மறுபடி உள்ளே போகக் கூடாது.

அலுவலகத்திலும் கதவுதான் விஷயம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். 9ஆம் தளத்தில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் கதையைப் படித்ததிலிருந்து எங்கள் படிக்கட்டுக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டி எதையாவது பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மனிதர்கள் உள்ளே வந்த வழியாகவேதான் வெளியே ஓடப் பார்ப்பார்கள். அதனால் ஒத்திகையில் முக்கியப் படிக்கட்டின் வாசலில் ஒருவரை ‘இங்கே தீ’ என்ற அட்டையோடு நிறுத்திவிடுவேன். அப்போதுதான் மற்ற படிக்கட்டு எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். லிஃப்ட் கூடவே கூடாது: மின்சாரம் போனால் நடுவில் நின்றுவிடும், புகையும் அந்தக் குழிக்குள் ஏறும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு யார் துணை, எங்கே காத்திருப்பது என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கீழே வந்ததும் தலை எண்ண வேண்டும். கழிவறைகளைப் பார்த்துவிட்டு வர ஒருவரை முன்பே நியமியுங்கள். அப்புறம், வரவேற்பில் இருப்பவர் பார்வையாளர் பதிவேட்டைக் கையோடு எடுத்து வரட்டும். வெளியாட்கள் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.