ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1879: சிற்றுருவங்களுக்கு வண்ணமிட்டு அடித்தளம் அமைக்கும் முறை

காலனியக் காலப் போர் ஒன்றை மேசைமீது ஆடிப் பார்க்க விரும்பும் புதியவருக்கு எந்தக் களம் ஏற்றது என்று கேட்டால், தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்றே நான் சொல்வேன். 1879 ஜனவரி 22 பிற்பகலில் தொடங்கி மறுநாள் விடியும்வரை நீடித்த அந்தச் சண்டையில், நோயாளிகளையும் சேர்த்து பிரித்தானியத் தரப்பினர் ஏறத்தாழ 150 பேர், ஒரு மருத்துவமனையையும் ஒரு கிடங்கையும் மக்காச்சோள மூட்டைகளாலும் பிஸ்கட் பெட்டிகளாலும் இணைத்து அரண் கட்டிக்கொண்டு நின்றனர். இளவரசர் டபுலமன்சி தலைமையில் 3,000 முதல் 4,000 வரையிலான சூலு வீரர்கள் அவர்களைத் தாக்கினர். களம் மிகச் சிறியது என்பதால், சாப்பாட்டு மேசையின் பாதியிலேயே அதை அமைத்துவிடலாம். சண்டை நடந்த அந்த மிஷன் நிலையம், எருமை ஆற்றின் கரையில், பிரித்தானியக் காலனியான நேட்டாலின் பக்கம் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஏற்றிச்சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்பு வெட்டியது இதே நேட்டால் காலனியின் கடற்கரைப் பகுதியில்தான் என்பதும் இந்தக் களத்தின்மேல் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு ஒரு காரணம்.

இந்த விளக்கம் 28 மில்லிமீட்டர் அளவு உருவங்களுக்கானது. முதல் முயற்சிக்கு ஐந்து பிரித்தானியரும் பத்துச் சூலு வீரரும் போதும். நூறு உருவங்களை ஒரேயடியாக வாங்கி அடுக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டுவதில்லை.

முதல் படி: உருவங்களைச் சீர்செய்தல்

பிளாஸ்டிக் உருவங்கள் சட்டத்தோடு ஒட்டியபடி வரும். அவற்றை விரலால் முறித்தெடுக்காமல், தட்டையான வாயுள்ள சிறு கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய குமிழைக் கத்தியால் சீவிவிடுங்கள். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடியிருக்கும். இப்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு வண்ணம் பூசிய பின் ஒரு தழும்புபோல எழுந்து நிற்கும் என்பதால், கத்தியின் முதுகால் அதைச் சுரண்டியோ நுண்ணிய அரத்தால் ராவியோ இப்போதே நீக்கிவிட வேண்டும். பிறகு, வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பைக் கலந்து பழைய பல்துலக்கியால் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பிளாஸ்டிக்குக்கு ‘பிளாஸ்டிக் சிமென்ட்’ எனப்படும் பசையையும் உலோகத்துக்குச் சூப்பர் குளூவையும் பயன்படுத்தி ஒட்டுங்கள். சூலு வீரரின் கேடயத்தை மட்டும் உடனே ஒட்ட வேண்டாம். கேடயம் ஒட்டிய பின் மார்புக்கும் இடக்கைக்கும் தூரிகை எட்டாது என்பதால், அதைத் தனியே ஒரு குச்சியில் பொருத்தி வண்ணமிடுவதே சரியான வழி.

இரண்டாம் படி: பிரைமர்

காலிப் பாட்டில் மூடி ஒன்றின்மேல் உருவத்தைத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டால், கடைசிவரை உருவத்தைத் தொடாமலே வேலை செய்யலாம். வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சே பிரைமர். சிவப்புச் சட்டை அணிந்த பிரித்தானியருக்குச் சாம்பல் நிறமும் சூலு வீரர்களுக்கு அடர் பழுப்பு நிறமும் பிரைமராக நன்கு பொருந்துகின்றன. பழுப்பு பிரைமர் அடித்த உருவத்தில் தோலின் ஆழமான நிழல்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. ஸ்பிரே செய்யும்போது ஓர் அடி தொலைவில் பிடித்து, ஒரே மூச்சில் நனைக்காமல், மெல்லிய படலங்களாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: 24ஆம் படைப்பிரிவின் வீரர்

ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்தவர்களில் பெரும்பாலோர் லெப்டினன்ட் புரோம்ஹெட்டின் கீழிருந்த 24ஆம் காலாட்படையின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த பி கம்பெனியினர். அவர்களது உடையைப் பற்றிச் சில செய்திகளை மனத்தில் கொண்டால் எந்த வண்ணத்தை எங்கே வைப்பது என்பதில் குழப்பம் வராது. சட்டை செந்நிறம், காலரிலும் கைமுனையிலும் அந்தப் படைப்பிரிவுக்குரிய பச்சை, காற்சட்டை ஏறக்குறையக் கருமையாகத் தோன்றும் கருநீலம், அதன் பக்கத் தையலில் மெல்லிய சிவப்புக் கோடு, வார்ப்பட்டைகள் வெள்ளை, காலணி கறுப்பு.

சிவப்புதான் தொடக்கநிலையாளர்களை அதிகம் சோதிக்கும் நிறம். அது இயல்பாகவே மறைக்கும் திறன் குறைந்த நிறம் என்பதால், வெறும் பிரைமரின்மேல் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே முதலில் செம்பழுப்பை ஒரு படலம் பூசி, அது காய்ந்த பின் சிவப்பை நீர்த்த படலங்களாக இரண்டு முறை ஏற்றுங்கள். மடிப்புகளின் பள்ளங்களில் அந்தச் செம்பழுப்பை அப்படியே விட்டுவிட்டால் அதுவே நிழலாகிவிடும். தோள்முனை, முழங்கை, மடிப்பின் மேடு ஆகியவற்றில் ஒளி காட்டச் சிவப்போடு வெள்ளையைக் கலக்காதீர்கள். வெள்ளை கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். சிறிது செம்மஞ்சளைக் கலந்தால் வெயில் பட்ட சிவப்பு கிடைக்கும். வண்ணத்தின் பதம் பாலைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் போதுமானது. தயிர்ப் பதத்தில் பூசினால் முகத்தின் நுட்பங்கள் மூடிப்போகும்.

காற்சட்டையின் சிவப்புக் கோட்டைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அது கால் அங்குல அகலமே உடையது. ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிய உருவத்தில் அது ஒரு மயிரிழையாகத்தான் இருக்க வேண்டும். கை இன்னும் பழகவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். தடித்த கோடு உருவத்தைப் பொம்மையாக்கிவிடும். கோடே இல்லாததை எவரும் கவனிக்கமாட்டார்கள்.

தலைக்கவசத்தில் நேரம் செலவிடுங்கள். வீரர்களுக்கு வழங்கப்பட்டபோது அது வெள்ளை. ஆப்பிரிக்க வெயிலில் வெள்ளைத் தலை தொலைவிலிருந்தே குறியாகிவிடும் என்பதால், வீரர்கள் தேயிலைச் சாற்றையும் சேற்றையும் கொண்டு அதற்குப் பழுப்பேற்றினர். முகப்புத் தகட்டையும் பலர் கழற்றிவிட்டனர். ஒவ்வொருவரும் தம் கையால் சாயமேற்றியதால் ஒருவருடையதுபோல் மற்றவருடையது இருந்திருக்காது. எனவே அனைத்துக்கும் இளம் பழுப்பை அடிநிறமாகப் பூசி, அதன்மேல் மிகவும் நீர்த்த பழுப்பு வாஷை ஒன்றில் அடர்த்தியாகவும் இன்னொன்றில் மெலிதாகவும் விட்டு, மடிப்போரங்களில் சற்றுத் தேங்கவிடுங்கள். வாஷ் என்பது பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த வண்ணமே. மேடுகளில் தேங்கினால், ஈரம் உலர்வதற்குள் சுத்தமான தூரிகையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். சட்டைகளையும் காற்சட்டைகளையும் சற்று மங்கலாகவும் ஒட்டுப்போட்டதாகவும் காட்டலாம். பல மாதங்கள் களத்தில் புழங்கிய உடைகள் அவை.

மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் கட்டைக்கு வால்நட் மரப் பழுப்பும் குழலுக்குக் கறுப்புக் கலந்த உலோக வண்ணமும் போதும். முகத்துக்குத் தோல் நிறம், அதன்மேல் செம்பழுப்பு வாஷ், பின் மூக்கிலும் கன்னத்திலும் மீண்டும் தோல் நிறம். கண்களை நான் வரைவதில்லை. மேசையிலிருந்து பார்க்கும் தொலைவில் புருவத்தடி நிழலே கண்ணாகத் தெரிகிறது.

நான்காம் படி: சூலு வீரர்

எண்ணிக்கை அதிகம் என்பதால் சூலு வீரர்களை ஒரே பழுப்பில் நனைத்து, கேடயத்தில் நான்கு புள்ளிகள் வைத்து முடித்துவிடும் வழக்கத்தைப் பலரிடம் காண்கிறேன். இது எனக்கு உடன்பாடில்லை. தம் நாட்டின்மேல் படையெடுத்து வந்தவர்களை எதிர்த்துப் போரிட்ட ஓர் அரசின் ஒழுங்கமைந்த ரெஜிமென்ட்டுகள் அவை. ஒவ்வொன்றும் ஒரே வயதினரைக் கொண்டு அமைக்கப்பட்டது. ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு வந்தவற்றில் உதுல்வானா, உத்லோகோ, இன்த்லொந்த்லோ ஆகியவை மூத்த, மணமானவர்களின் அணிகள். இந்த்லுயெங்வே இளையவர்களின் அணி. இந்த வேறுபாடு வண்ணத்தில் தெரிய வேண்டும்.

தோலுக்கு மூன்று வெவ்வேறு அடர் பழுப்புகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு, பத்து உருவங்களில் அவற்றை மாற்றி மாற்றிப் பூசுங்கள். ஒளிபடும் இடங்களுக்கு வெள்ளை கலந்தால் தோல் சாம்பல் படிந்ததுபோல ஆகிவிடும். அதற்கு மாறாகச் செம்பழுப்பையோ சிறிது செம்மஞ்சளையோ கலந்து தோள், மார்பின் மேற்புறம், முழங்கால், கன்னம் ஆகிய இடங்களில் மட்டும் வையுங்கள். உடலை மறைக்கும் சட்டையோ பையோ இல்லாத இவ்வுருவங்களில் உடலின் தசைதான் முதன்மையாகத் தெரிகிறது என்பதால், இங்கே செலவிடும் அரைமணி நேரம் வீண்போகாது.

விழாக்கால அணிகலன்களில் பெரும்பாலானவற்றைப் போருக்குச் செல்லும்போது அவர்கள் விட்டுச் சென்றனர். இடுப்பில் தோலாலான மறைப்பும், சிலரிடம் கைகால்களில் மாட்டுவால் குஞ்சமும் இருந்தால் போதும். குஞ்சத்தை வெண்மையாக அல்லாமல் பழுப்பு கலந்த தந்த நிறத்தில் தொடங்கி, நுனிகளில் மட்டும் வெண்மையைத் தொடுங்கள். மணமானவர்களின் தலையில் இசிகோகோ எனப்படும் வளையம் இருக்கும். அதற்கு இப்போது கறுப்பு மட்டும் பூசிவையுங்கள்.

கேடயங்கள் மன்னருக்கு உரிமையானவை. ரெஜிமென்ட்டுக்கென ஒதுக்கிய மாட்டு மந்தைகளின் தோலிலிருந்து வெட்டப்பட்டவை. மூத்தவர்களுக்கு வெண்மை மிகுந்ததும் இளையவர்களுக்குக் கருமை மிகுந்ததும் பொதுவான மரபு. 1879 வாக்கில் இந்த ஒழுங்கு தளர்ந்திருந்ததால், ஓர் அணிக்குள் ஒன்றிரண்டு விலகல்களைத் துணிந்து வைக்கலாம். புள்ளிகளை வட்டமாக வைத்தால் சிறுத்தைத் தோலாகிவிடும். மாட்டுத்தோலின் திட்டுகள் ஓரம் சிதைந்தவை. பெரிய திட்டு ஒன்றை முதலில் இட்டு, அதன் ஓரத்தில் நைந்த தூரிகையின் நுனியால் சிறுசிறு ஒற்றல்களைத் தெளித்தாற்போல வையுங்கள். நடுவே செங்குத்தாக இரண்டு வரிசைகளில் ஓடும் தோல்பட்டைப் பின்னல், கேடயத்தின் நிறத்துக்கு எதிர் நிறத்தில் இருக்கட்டும்: வெள்ளைக் கேடயத்தில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை. எல்லாம் காய்ந்த பின் கேடயத்தைக் கையில் ஒட்டிவிடுங்கள். சிலர் கையில், குழல்வாய் வழியே குண்டு திணிக்கும் பழைய துப்பாக்கிகளும் இருக்கட்டும். சூலுகளிடம் அவை ஏராளமாக இருந்தன.

ஐந்தாம் படி: அடித்தளம்

தென்னாப்பிரிக்கா என்றதும் காய்ந்த மஞ்சள் புல்லை ஒட்டுபவர்கள் பலர். சண்டை நடந்தது ஜனவரியில். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது கோடையும் மழையும் சேர்ந்த காலம். புல் பச்சையாக, உயரமாக நிற்கும். எனவே பச்சையையே மிகுதியாகவும், மஞ்சள் கலந்ததை ஆங்காங்கேயும் பயன்படுத்துங்கள்.

25 மில்லிமீட்டர் வட்டப் பலகையிலோ வாஷரிலோ உருவத்தை ஒட்டி, மேற்பரப்பில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் சிறிது நீர் சேர்த்துத் தடவுங்கள். கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்று மணலில் அதை அழுத்தி எடுத்து, ஓர் இரவு உலரவிடுங்கள். கடல் மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு பின்னர் பூத்து வெளியே வரும். மூன்று நான்கு மணல் துகள்களுக்கு நடுவே ஒரு சிறு கருங்கல் சில்லை ஒட்டினால், நிலையத்துக்குப் பின்னே நின்ற ஷியானே மலையின் பாறைச் சரிவு நினைவுக்கு வரும். உலர்ந்த மணலுக்கு அடர் செம்பழுப்பு பூசி, பிறகு டிரை பிரஷ் செய்யுங்கள்: தூரிகையில் எடுத்த இளம்பழுப்பைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, எஞ்சியதை மணலின் மேடுகள்மேல் லேசாக வருட வேண்டும்.

இரு படைகளின் அடித்தளங்களும் ஒரே மண்ணாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே தரையாக இருக்க வேண்டியதில்லை. சூலு வீரர்கள் புல்வெளியின் வழியே வந்தவர்கள். அவர்களுக்குப் புல்கொத்துகளைத் தாராளமாக ஒட்டுங்கள். அரணுக்குள் இருந்தவர்கள் நின்றதோ மிதிபட்ட வெறுந்தரை. ஏறக்குறைய 90 கிலோ எடையுள்ள மக்காச்சோள மூட்டைகள் கிழிந்து தானியம் சிதறிய இடம் அது. சற்றுப் பருத்த மணல் துகள்கள் சிலவற்றுக்கு மட்டும் வெளிர் மஞ்சள் தொட்டு வைத்தால் சிதறிய சோளமணிகள் கிடைத்துவிடும். அடித்தளத்தின் விளிம்பை ஒரே பழுப்பில் சுத்தமாக முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: வார்னிஷ்

விளையாடும்போது விரல்கள் படும் என்பதால் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் கட்டாயம் வேண்டும். மழைநாளில் மட்டும் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஒரு நவம்பர் மாலை, மழை ஓய்ந்த கையோடு மொட்டைமாடியில் பன்னிரண்டு உருவங்களுக்கு அடித்துவிட்டு மறுநாள் பார்த்தபோது அனைத்தும் பனி மூடியதுபோல வெளுத்திருந்தன. காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொண்டதே காரணம். அவற்றில் ஒன்பதை மீண்டும் வண்ணமிட வேண்டியதாயிற்று. வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள். அல்லது தூரிகையால் பூசும் வார்னிஷை மெல்லிய படலமாக இருமுறை பூசுங்கள்.

அது முற்றிலும் உலர்ந்த பின் கடைசி வேலை ஒன்று மீதமிருக்கிறது. மூத்த சூலு வீரர்கள் தம் தலைவளையத்தைத் தேன்மெழுகிட்டு மினுக்கி வைத்திருந்தனர். மிக நுண்ணிய தூரிகையால் பளபளப்பு வார்னிஷை ஒரு துளி எடுத்து, அந்தக் கறுப்பு வளையத்தின்மேல் மட்டும் தொட்டுவிடுங்கள்.