வெளிநாட்டு முதலீடு கணக்கில் விழுந்த பிறகு செய்யக்கூடாதவை

பெங்களூரில் கம்பெனி தொடங்கும் நம்மவர்களுக்கு முதல் வெளிநாட்டுப் பணம் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ, தெரிந்தவர் ஒருவர் மூலமாக வருவதுண்டு. ஒப்பந்தத்தைப் பத்து முறை படிப்பவர்கள்கூடப் பணம் வந்த தேதியைக் குறித்து வைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மார்ச் 3 அன்று பணம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 60 நாளுக்குள், அதாவது மே 2க்குள், ஷேர் ஒதுக்கியாக வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகள் இரண்டுமே இந்தக் கெடுவைத்தான் சொல்கின்றன. தவறினால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதையும் தாண்டினால் கம்பெனிச் சட்டப்படி 12 சதவீத வட்டி சேரும். ஏப்ரல் 10 அன்று ஒதுக்கிவிட்டால், அதைத் தெரிவிக்கும் பாஸ்-3 (PAS-3) படிவம் ஏப்ரல் 25க்குள் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் தளத்தில் எஃப்சி-ஜிபிஆர் (FC-GPR), அதாவது வெளிநாட்டவருக்கு ஷேர் கொடுத்ததைத் தெரிவிக்கும் படிவம், மே 10க்குள் ஏற வேண்டும்.

இதற்கு நடுவில்தான் பெரிய தவறு நடக்கிறது. பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, பாஸ்-3 தாக்கல் ஆகும்வரை ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. மாதக் கடைசி வந்துவிட்டது, சம்பளம் போட வேண்டும் என்று கை வைத்தால் மீறல்தான். அபராதம், திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவரை போகலாம், இயக்குநர்களும் பொறுப்பு.

அனுப்பியவர் பெயரையும் பாருங்கள். ஷேர் ஒருவர் பெயரில், பணம் அவருடைய இன்னொரு கம்பெனியின் கணக்கிலிருந்து என்றால் எஃப்சி-ஜிபிஆர் படிவம் அதைச் சரிபார்க்கும் வங்கியிலேயே சிக்கிக்கொள்ளும். இப்படிக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஷேர் கொடுக்கும் தனிப்பட்ட ஒதுக்கீட்டில் பணம் விண்ணப்பித்தவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும் என்பது சட்டம்.

சொந்தக்காரர் பணம் என்றால் முதலில் கேட்க வேண்டியது, அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ வைத்திருப்பவர், பணத்தை வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகாத அடிப்படையில் முதலீடு செய்தால், அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும், எஃப்சி-ஜிபிஆர் தேவையில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கி, ஓசிஐ எடுக்காத அண்ணன் மகனுக்கு இந்தச் சலுகை கிடையாது. சொந்தம் எவ்வளவு நெருக்கமானாலும் ஃபெமாவின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்.

முன்னுரிமைப் பங்கு (லாப ஈவில் முதல் உரிமை உள்ள ஷேர்) கொடுப்பதானால் அது கட்டாயமாக ஈக்விட்டியாக, அதாவது சாதாரண ஷேராக, மாறும் வகையாக இருக்க வேண்டும். மாற்றும் விலையோ சூத்திரமோ வெளியிடும் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'விரும்பினால் மாற்றலாம்' என்ற ஒரு வரி போதும், முதலீடு கடனாகிவிடும். அப்புறம் வெளிநாட்டுக் கடன் விதிகள் அத்தனையும் உங்கள் தலையில்.

முதலீட்டாளர் வெளியேறும்போது இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கும் பிரிவும் கூடாது. டாடாவுக்கும் ஜப்பானின் தொலைபேசி நிறுவனம் டோகோமோவுக்கும் நடந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். போட்ட விலையில் பாதியாவது கிடைக்கும் என்ற பிரிவை 2014இல் டோகோமோ பயன்படுத்தியது. ரிசர்வ் வங்கி அனுமதி தரவில்லை. விவகாரம் லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போய், டாடா சுமார் 117 கோடி டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றபோது 2017 ஏப்ரல் ஆகிவிட்டது. அத்தனை பெரிய குழுமத்துக்கே அவ்வளவு காலம் என்றால், இருபது பேர் வேலை செய்யும் கம்பெனி என்ன செய்யும்?

நடுவர் மன்றப் பிரிவில் 'விசாரணை சிங்கப்பூரில் நடக்கும்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். கூடும் இடம் வேறு, சட்டப்படியான இருக்கை வேறு. எந்த நாட்டு நீதிமன்றம் மேற்பார்க்கும் என்பதை இருக்கைதான் தீர்மானிக்கும். அந்தச் சொல்லைத் தெளிவாக எழுதுங்கள். வெளிநாட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டுவதும் மறந்துபோகும் விஷயம். கட்டாத பத்திரத்தை, தீர்வையும் அபராதமும் செலுத்தும்வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

எஃப்சி-ஜிபிஆர் தேதி ஏற்கெனவே போய்விட்டதா? ஒளிக்காதீர்கள். கெடு முடிந்து மூன்று ஆண்டுக்குள் என்றால் தாமதக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்யலாம்: 7,500 ரூபாய், அத்துடன் தொகையில் ஆண்டுக்கு 0.025 சதவீதம். 5 கோடிக்கு ஓராண்டு தாமதம் என்றால் 20,000 ரூபாய்தான். மூன்று ஆண்டு கடந்தால் காம்பவுண்டிங் மனு (மீறலை ஒப்புக்கொண்டு, தொகை கட்டித் தீர்க்கக் கேட்பது) போட வேண்டியிருக்கும். அடுத்த சுற்று முதலீட்டாளரின் வக்கீல் இந்த ரசீதுகளைக் கேட்காமல் கையெழுத்துப் போட விடமாட்டார்.