டாக்ஸி ஓட்டப் போகிறீர்களா? எல்.எல்.ஆரிலிருந்து மஞ்சள் போர்டு வரை

டாக்ஸி ஓட்டலாம் என்று யோசிக்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் போய் நிற்பது கார் ஷோரூமில்தான். முன்பணம் கட்டி, கடன் வாங்கி, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் லைசென்ஸ், பெர்மிட் என்று விசாரிக்கிறார்கள். அதற்குள் மாதத் தவணை ஓடத் தொடங்கிவிடும். தவணை நெருக்கும்போது குறுக்கு வழி கண்ணில் படும், அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் இந்தப் பதிவின் வரிசை வேறு: முதலில் லைசென்ஸ், அடுத்து பிறர் வண்டியில் வேலை, கடைசியில்தான் சொந்த வண்டி. எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

1. எல்.எல்.ஆர்

கார் ஓட்டப் பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர், எடுக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் வாடகை வண்டி ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20 வயது கேட்கிறது. 18 வயதில் லைசென்ஸ் எடுத்துவிட்டு நடுவில் இருக்கும் காலத்தை ஓட்டிப் பழகுவதற்கு வைத்துக்கொள்வது நல்ல திட்டம்.

விண்ணப்பிப்பது மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில், சாரதி என்ற பகுதியில். கணினி பழக்கம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆதார் தயாராக இருக்கட்டும். அதில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் மற்ற சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்று முன்பே பாருங்கள். எழுத்து ஒன்று மாறினாலும் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், போக்குவரத்து வாகனம் என்ற பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட 1ஏ படிவம் தேவை. மற்றவர்களுக்கு உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழி போதும்.

தேர்வு சாலைக் குறியீடுகள், விதிகள் பற்றியது. தமிழிலேயே எழுதலாம். முன்பு போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள், 2019-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். படிப்பு இல்லையே என்று தயங்கியவர்கள் இனித் தயங்க வேண்டாம்.

2. லைசென்ஸ்

எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் என்றுதான் இடைப்பட்ட நாட்களில் ஓட்டிப் பழக வேண்டும்.

தேர்வில் ஆய்வாளர் பார்ப்பது வேகத்தை இல்லை. கியர் மாற்றும் விதம், கண்ணாடி பார்க்கும் பழக்கம், சிக்னல் போடுவது, ரிவர்ஸ், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புவது, இவைதான். பலர் தடுமாறுவது மேட்டில். கை பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டி முன்னுக்கு இழுக்கும்போது பிரேக்கை விடுவிக்கும் அந்த ஒன்றை மட்டும் தினமும் பழகுங்கள். தேர்வோடு முடிகிற பயிற்சி இல்லை இது. பயணிகளோடு ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது இதே பழக்கம்தான் கை கொடுக்கும்.

3. பேட்ஜ் வேண்டுமா?

ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். பின்னணி இதுதான். முன்பு சாதாரண கார் லைசென்ஸோடு வாடகை வண்டி ஓட்டுவதற்கெனத் தனி ஒப்புதலும் வாங்க வேண்டியிருந்தது. அதைத்தான் பேட்ஜ் என்பார்கள். 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு மேற்படாத இலகுரக வாகனத்துக்கான லைசென்ஸ் இருந்தால் அதே எடைப் பிரிவில் உள்ள வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்றது. அதையொட்டி 2018-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. காப்பீட்டு நிறுவனங்கள் விடவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது.

ஆக, கார் டாக்ஸிக்கு இலகுரக வாகன லைசென்ஸே அடிப்படை. ஆனாலும் வேலைக்குச் சேரும் இடத்தில் வேறு ஏதாவது கேட்கிறார்களா, உங்கள் லைசென்ஸ் அட்டையில் எந்தப் பிரிவு அச்சாகியிருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ ஆபீஸிலேயே ஒருமுறை நேரில் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். புரோக்கர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

4. கொஞ்ச காலம் பிறர் வண்டியில்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கடன் வாங்க ஓடாதீர்கள். ஆக்டிங் டிரைவராகத் தொடங்குவது நல்ல வழி. கார் உரிமையாளர் தன் சொந்தக் காரில் தன் குடும்பத்தோடு போகிறார், நீங்கள் ஓட்டுவதற்கு மட்டும் கூலி வாங்குகிறீர்கள். அங்கே வாடகைக்குப் போவது வண்டி இல்லை என்பதால் வெள்ளை போர்டாக, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. விதவிதமான வண்டிகளும் கைக்குப் பழகும்.

அப்புறம் ஒரு டிராவல்ஸில் சேருங்கள். டிரிப் ஷீட் எழுதுவது, ஸ்டார்ட்டிங் கிலோமீட்டர், குளோசிங் கிலோமீட்டர் குறிப்பது, பேட்டா (ஓட்டுநரின் தினப்படி) கணக்கு, டோல், பார்க்கிங் ரசீதுகளைச் சேர்த்து வைப்பது எல்லாம் அங்கேதான் படியும். முகூர்த்த நாட்களிலும் சபரிமலை சீசனிலும் வேலை எப்படிக் குவிகிறது, ஆடி மாதத்தில் எப்படி வற்றுகிறது என்பதும் தெரியவரும். மாதத் தவணையை எல்லா மாதமும் கட்ட முடியுமா என்ற கணக்கை இந்த அனுபவம் இல்லாமல் யாராலும் போட முடியாது.

வழித்தட விவரமும் இங்கேதான் சேரும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. முதுமலை தாண்டி பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றும் இந்தக் காலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க முடியும். டாக்ஸி செயலி நிறுவனங்களும் நல்ல டிராவல்ஸ்களும் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் வேலைக்குச் சேரும்போதே பேசிவிடுங்கள்: ஓய்வு. தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. இரவு முழுக்க விமான நிலைய டிரிப் ஓட்டிவிட்டு விடிகாலையில் திருப்பதி கிளம்பச் சொன்னால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பின் இருக்கையில் ஒரு குடும்பம் உங்களை நம்பித் தூங்குகிறது.

5. சொந்த வண்டி

வாடகைக் காரின் நம்பர் பிளேட் மஞ்சள், எழுத்து கறுப்பு. மின்சார வண்டியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வாங்கும்போதே டாக்ஸியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு மாற்றவும் ஆர்.டி.ஓ.வில் வழி இருக்கிறது, ஆனால் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்துக்கு அலைய வேண்டும்.

பெர்மிட் இல்லாமல் சாலைக்கு வராதீர்கள். தமிழ்நாட்டுக்குள் ஓட்ட மாநில அளவிலான ஒப்பந்த வாகனப் பெர்மிட். திருப்பதி, பெங்களூர், சபரிமலை என்று அடிக்கடி போவீர்கள் என்றால் அகில இந்திய சுற்றுலாப் பெர்மிட், 2023 விதிகளின்படி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று): வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, ஆபத்துக்கால பட்டன் வேலை செய்கிறதா என்று காட்டப் போவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை போர்டில் வண்டி வாங்கினால் இன்ஷூரன்ஸ் குறைவு, பெர்மிட் செலவு இல்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஊருக்கு ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் சட்டம் சொல்லும் அபராதம் 10,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து நாளில் வரும். சொந்த உபயோகம் என்று எடுத்த பாலிசி, வாடகைக்கு ஓடிய வண்டியின் சேதத்துக்குப் பணம் தராது. அடிபட்டவருக்கான இழப்பீடு என்ன ஆகும்? 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெர்மிட் இல்லாதது அடிப்படை விதிமீறல் என்றது. பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு உங்கள் வீடும் நிலமும்தான் பதில் சொல்ல வேண்டும். லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி, இன்ஷூரன்ஸ் நான்கில் ஒன்று காலாவதியானாலும் மற்ற மூன்றின் பலம் குறைந்துவிடும்.

பாலிசி எடுக்கும்போது டாக்ஸி என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரே ஓட்டுநர் என்றால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஜெண்ட் அவசரப்படுத்தினாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. பலர் விட்டுவிடுவது

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி, விபத்து, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் அவசர நேரத்தில் உதவி கிடைக்காமல் போனவர்கள் உண்டு. லைசென்ஸ் வந்த கையோடு பதிந்துவிடுங்கள்.

ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ வைத்திருந்தால் சோதனையின்போது அதையே காட்டலாம். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருடம் செல்லும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முன்பிருந்த 30 நாள் சலுகைக் காலம் இப்போது கிடையாது, மறுநாளே அது செல்லாத லைசென்ஸ். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் போனால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். நான்கு ஆவணங்களின் கடைசித் தேதியையும் ஒரே தாளில் எழுதி, வண்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று ஒட்டிவையுங்கள்.